நாலாவது சரணத்தில் சிரிக்கக் கூடாது

“நன்றாகப் பாடுகிறாய். ஆனால் நாலாவது சரணத்தில் சிரிக்காதே.” நான் மைக்கைக் கீழே வைக்கக்கூட இல்லை, பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் இதைச் சொன்னார். கோபமெல்லாம் இல்லை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருப்பதை ஒருவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வோமே, அந்தக் குரல். 2016 டிசம்பர். டோக்கியோவின் தெற்கு ஓரத்தில் கமாத்தா. நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், பத்துப் பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் ஒரு சின்ன மதுக்கடை. இப்படிப்பட்ட கடைகளை அங்கே ‘ஸ்நாக்கு’ என்பார்கள். ஒரு அம்மா நடத்துவார், ஒரு கரோக்கி இயந்திரம் இருக்கும், வருகிறவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் இருபது வருஷமாகத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்க்கிற வேலைக்காகப் போயிருந்த என்னையும் அவர்கள் உட்கார இடம் நகர்த்திக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

நான் பாடியது ‘மொமென் நோ ஹங்காச்சீஃபு’. பருத்திக் கைக்குட்டை என்று அர்த்தம். 1975 டிசம்பர் 21 அன்று வெளியான பாட்டு. ஓட்டா ஹிரோமி பாடியது, எழுதியவர் மத்சுமோட்டோ தகாஷி, மெட்டு த்சுத்சுமி கியோஹேய். அங்கே ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமும் இந்தப் பெயர்களை விளக்க வேண்டியதில்லை. எனக்கு அதன் மெட்டு பிடித்திருந்தது. காலையில் சைக்கிளில் போகும்போது முகத்தில் படுகிற காற்று மாதிரி ஒரு மெட்டு. தனியாகப் பல்லவி என்று ஒன்றில்லை. ஒரே சரணம் நாலு முறை வரும், வார்த்தைகள் மட்டும் மாறும். புதிதாக மொழி படிக்கிறவருக்கு இதைவிட வசதியான பாட்டு கிடையாது. மூன்று மாதம் குளியலறையிலும் ஆற்றங்கரையிலும் பாடிப் பழகி, அன்றைக்கு முதல் முறையாக மற்றவர்கள் முன்னால் பாடினேன். சந்தோஷமாகத்தான் பாடினேன். கடைசி வரியில் எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன்.

அந்தக் கடைசி வரியில் ஒரு பெண் கண்ணீரைத் துடைக்க ஒரு கைக்குட்டை கேட்கிறாள்.

வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் எனக்குத் தெரியாமல் இல்லை. கண்ணீர் தெரியும், துடைப்பது தெரியும். தெரியாமல் போனது வேறு ஒன்று: அந்தப் பாட்டில் பேசுவது ஒருவரில்லை, இரண்டு பேர்.

போகு, வதாஷி

தமிழில் ‘அவன் வந்தான்’, ‘அவள் வந்தாள்’ என்று வினைமுற்றே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடும். ஆனால் ‘நான் வந்தேன்’ என்று எழுதினால் எழுதியது ஆணா பெண்ணா என்று சொல்ல வழியில்லை. ஜப்பானியத்தில் இது நேர் தலைகீழ். வினைச்சொல் யாரையும் காட்டிக்கொடுக்காது, ‘நான்’ காட்டிக்கொடுத்துவிடும். பையன்களும் ஆண்களும் சொல்கிற நான் ‘போகு’. பெண்கள் சொல்வது ‘வதாஷி’. வதாஷியை மரியாதைப் பேச்சில் ஆண்களும் சொல்வார்கள் என்பதால், வகுப்பில் எங்கள் எல்லோருக்கும் அதை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். போதாததற்கு, பெண்கள் பாடுகிற எத்தனையோ பாட்டுகளில் போகு தாராளமாக வரும். அதனால் இந்தப் பாட்டிலும் ஒரு பெண் கொஞ்ச நேரம் போகு என்றும் கொஞ்ச நேரம் வதாஷி என்றும் தன்னைச் சொல்லிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். ஓட்டா ஹிரோமியும் குரலை மாற்றுவதே இல்லை. அவன் வரிகளையும் அவள் வரிகளையும் ஒரே இளங்குரலில், ஒரே மூச்சில் பாடிக்கொண்டு போகிறார்.

ஒவ்வொரு சரணத்திலும் முதல் பாதி அவன், பின்பாதி அவள். பெரியவர் சொன்ன அன்றிரவு அறைக்குப் போய் வரிகளை ஒரு தாளில் எழுதி நடுவே கோடு போட்டுப் பார்த்தேன். கிழக்கே போகிற ரயிலில் அவன் கிளம்புகிறான், பளபளக்கிற நகரத்தில் உனக்கு ஒரு பரிசு தேடப் போகிறேன் என்கிறான். இல்லை, எனக்கு எதுவும் வேண்டாம், நகரத்தின் வண்ணம் உன்மேல் ஒட்டிக்கொள்ளாமல் திரும்பி வா என்கிறாள். அரை வருஷம் போகிறது. இங்கே இப்போது எல்லோரும் போடுகிற மோதிரம் அனுப்புகிறேன் என்கிறான். இல்லை, வைரமும் முத்தும் உன் முத்தம் அளவுக்கு மின்னாது என்கிறாள். அடுத்து, நீ இன்னும் உதட்டுச்சாயம்கூடப் போடாமல்தான் இருக்கிறாயா, கோட்டும் சூட்டுமாக நான் இருக்கும் படத்தைப் பார், அடையாளமே தெரியாது என்கிறான். இல்லை, புல்லில் படுத்துக் கிடந்த உன்னைத்தான் பிடித்தது, ஆனாலும் அந்தக் கட்டடங்களுக்கு நடுவே வாடைக்காற்று அடிக்குமே, உடம்பைப் பார்த்துக்கொள் என்கிறாள். நாலாவதாக, உன்னை மறந்து மாறிப்போகிற என்னை மன்னித்துவிடு, இங்கே ஒவ்வொரு நாளும் சந்தோஷமாகப் போகிறது, என்னால் திரும்ப முடியாது என்று எழுதுகிறான்.

இத்தனையும் அந்தக் காலைக் காற்று மெட்டில். ஒரு இடத்தில்கூட இசை தாழவில்லை. நாலாவது சரணத்துக்கென்று ஒரு வயலின்கூட அழவில்லை. அவள் கைக்குட்டை கேட்கிற சுரங்களும், நகரத்தின் வண்ணம் ஒட்டாமல் வா என்று முதல் சரணத்தில் சொன்ன சுரங்களும் ஒன்றுதான். ரயில் ஏறுகிற அன்றைக்கே முடிவு மெட்டுக்குத் தெரிந்திருக்கிறது, பாடுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை. விடிகாலை வரை அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதமாக நான் எதைப் பாடிக்கொண்டு ஆற்றங்கரையில் நடந்தேன் என்று நினைக்க நெஞ்சு அடைத்தது. அதைவிட அதிகமாக, அந்த ஆள்மேல் கோபம் வந்தது.

அந்தக் கோபம் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. ஒரு பாட்டில் வருகிற, பெயர்கூட இல்லாத ஒருவன்மேல் இவ்வளவு கோபமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மோதிரத்தை அனுப்பினான், படத்தை அனுப்பினான், ஒரு முறைகூட அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. கேட்ட ஒரே கேள்வி உதட்டுச்சாயம் பற்றியது.

காத்திருப்பவர்கள்

அதற்கப்புறம் அந்தக் காலத்துப் பாட்டுகளைத் தேடித்தேடிக் கேட்க ஆரம்பித்தேன். ஜப்பானியத்தில் ஒருதலைக் காதலுக்கு ‘கதஓமோய்’ என்று பெயர். ‘கத’ என்றால் ஜோடியில் ஒன்று. ஒற்றைச் செருப்பு, ஒற்றைக் கை என்கிறோமே அந்த ஒற்றை. ‘ஓமோய்’ என்றால் நினைப்பு. ஒற்றை நினைப்பு. நம் கைக்கிளைக்கு ஒன்று விட்ட தங்கை மாதிரி ஒரு சொல். இந்த ஒற்றை நினைப்பைப் பாடுவதில் அவர்களுக்கு ஒரு தனிப் பழக்கம் இருக்கிறது. வலியின் அளவுக்கு இசையை ஏற்ற மாட்டார்கள்.

1982இல் ‘மத்சு வா’ என்று ஒரு பாட்டு வந்தது. காத்திருப்பேன் என்று அர்த்தம். அமிங் என்ற பெயரில் நகோயாவின் இரண்டு கல்லூரி மாணவிகள் பாடியது. எழுதி மெட்டமைத்தவர் அவர்களில் ஒருவரான ஒகமுரா தகாக்கோ. அந்த வருஷம் ஜப்பானில் எல்லாவற்றையும்விட அதிகமாக விற்ற தனிப்பாட்டு அதுதான். கேட்டால் இரண்டு பெண்கள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டே பாடுவது போல இருக்கும், அவ்வளவு சாது. ஆனால் அந்தப் பெண் எதுவரை காத்திருப்பதாகச் சொல்கிறாள் தெரியுமா? அவன் திரும்பிப் பார்க்கும்வரை அல்ல. வேறு யாரோ ஒருத்தி அவனை வேண்டாம் என்று உதறும் நாள்வரை. முதல் முறை அந்த வரி புரிந்தபோது ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன். இவ்வளவு மென்மையான குரலில் இவ்வளவு பிடிவாதமான ஒரு ஆசையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இஷிகாவா சயூரியின் ‘த்சுகாரு கைக்யோ ஃபுயுகெஷிக்கி’யைச் சொல்லாமல் போக முடியாது. த்சுகாரு நீரிணையின் குளிர்காலக் காட்சி என்று அர்த்தம். 1977 ஜனவரியில் வந்தது. எழுதியவர் அக்கு யூ, மெட்டு மிக்கி தகாஷி. காதலை விட்டுவிட்டு ஒரு பெண் தனியாக வடக்கே போகிறாள். டோக்கியோவின் உவேனோ நிலையத்தில் இரவு ரயில் ஏறியதும் வடக்கே அவோமோரியில் பனிக்குள் இறங்கியதும் முதல் இரண்டு வரிக்குள் முடிந்துவிடும். நடுவில் 700 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த இரவு முழுவதும் அவள் என்ன நினைத்தாள் என்று ஒரு சொல் இல்லை. அப்புறம் யாரும் யாரோடும் பேசாமல் கப்பலை நோக்கி நடக்கிற கூட்டம், கடலின் இரைச்சல், குளிரில் விறைத்துப்போன கடற்காகங்களைப் பார்த்து அழுகை. நீரிணைக்கு அந்தப்புறம் ஹக்கோதாத்தேவுக்குப் போன அந்தக் கப்பல் நீரிணையைக் கடக்க நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும். 1988 மார்ச்சில் கடலடிச் சுரங்கத்தில் ரயில் ஓட ஆரம்பித்ததும் கப்பலை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு அதே ஊருக்கு ரயிலில் போகிறவர்கள் அழ வேண்டுமானால் சுரங்கத்துக்குள்தான் அழ வேண்டும், பார்க்கக் கடற்காகம் இருக்காது. நீரிணைக் கரையில் இருக்கிற தப்பி முனையில் அந்தப் பாட்டுக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் கடலைப் பார்த்துப் பாட்டு ஒலிக்கும். ஒரு மார்ச் மாதம் போய், காற்றில் நிற்க முடியாமல் நின்று இரண்டு முறை அழுத்தினேன்.

இந்தப் பாட்டுகளிலெல்லாம் நான் போகிறவள் பக்கமும் காத்திருப்பவள் பக்கமும் நின்றுதான் கேட்டேன். விட்டுப்போனவனைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பொறாமை

2018 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை இரவு. வெளியே மழையும் பனியும் கலந்து பெய்ததால் கடையில் நாங்கள் மூன்று பேர்தான்: கடைக்கார அம்மா, அந்தப் பெரியவர், நான். பேச்சு எப்படியோ அந்தப் பாட்டுக்கு வந்தது. அந்த ஆளைப் பற்றி நான் ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். சுயநலக்காரன், கோழை, மோதிரம் வாங்கத் தெரிந்தவனுக்கு ஒரு நாள் ரயில் ஏறி நேரில் போய்ச் சொல்லத் தெரியவில்லையா என்றெல்லாம். பெரியவர் கிண்ணத்தில் இருந்த வெந்நீர் கலந்த ஷோச்சு மதுவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “அவன் எழுதினானே” என்றார்.

கமாத்தா முழுக்கச் சின்னச் சின்ன லேத் பட்டறைகள். ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தன. பெரியவர் அப்படி ஒரு பட்டறையில் வேலைக்கு வந்தது 1966 வசந்தத்தில், பதினைந்து வயதில், அகித்தாவிலிருந்து. அப்போது வடகிழக்கு ஜப்பானின் கிராமங்களிலிருந்து நடுநிலைப்பள்ளி முடித்த பிள்ளைகளை மொத்தமாக ஏற்றிக்கொண்டு உவேனோவுக்குச் சிறப்பு ரயில்கள் வரும். 1954இல் தொடங்கியது. மலிவாகவும் சொன்னபடி கேட்பவர்களாகவும் இருந்த அந்தப் பிள்ளைகளை ‘தங்க முட்டைகள்’ என்று பத்திரிகைகள் எழுதின. பாட்டில் வருகிறவன் கிழக்கே போனான், என் ரயில் தெற்கே வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார் பெரியவர்.

“எனக்கும் ஒருத்தி எழுதினாள். காதல் என்று சொல்ல முடியாது, பதினைந்து வயது. மலைக்கு அந்தப்புறத்து ஊர். முதல் வருஷம் நானும் எழுதினேன். ரேடியோ வாங்கினேன், சம்பளம் கூட்டினார்கள், டோக்கியோ கோபுரம் பார்த்தேன் என்று. இரண்டாவது வருஷம் நிறுத்திவிட்டேன். சண்டை இல்லை, வேறு பெண் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதற்கப்புறமும் அவளிடமிருந்து நாலு கடிதம் வந்தது.”

அந்த நாலு கடிதத்தில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: மூன்றைத்தான் பிரித்தாராம்.

“இந்தப் பாட்டு வந்தபோது எனக்கு இருபத்துநாலு. பட்டறை ரேடியோவில் கேட்டேன். முதலாளி திட்டுவார் என்று தெரிந்தும் லேத்தை நிறுத்திவிட்டு நின்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தப் பயலைத் திட்டினார்கள், நீ இப்போது திட்டுகிற மாதிரி. எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது. மறந்துவிட்டேன், மன்னித்துவிடு, வர முடியாது. இந்த மூன்றையும் எழுதித் தபாலில் போட்டானே. எங்கள் ரயிலில் வந்த எவனும் அதைச் செய்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.”

கடைக்கார அம்மா அடுப்பில் இருந்த ஓதென் குழம்பைக் கிளறுவதை நிறுத்தியிருந்தார். நான் பேசவில்லை. ஒரு வருஷமாக நாலாவது சரணத்தின் முதல் பாதியை அவனுடைய குற்றப்பத்திரிகையாக மட்டும் படித்துவந்தேன். அது ஒரு கடிதம் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தக் கடிதம் வராமல் போயிருந்தால் அவளுக்குப் பின்பாதியே இல்லை. கைக்குட்டை கேட்க ஆள் இருந்திருக்காது. மலைக்கு அந்தப்புறத்து ஊரில் ஒருத்தி நாலாவது கடிதத்தையும் எழுதிப் போட்டுவிட்டுத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாளே, அவளைப் போல, ‘மத்சு வா’ பாடிய பெண்ணைப் போல, முடிந்ததா முடியவில்லையா என்று தெரியாமலே இருந்திருப்பாள்.

இதனால் அவனை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மன்னிப்புக் கேட்கிற கடிதத்தில் ஒவ்வொரு நாளும் சந்தோஷமாகப் போகிறது என்று எழுதியது இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அது பொய்யில்லை. ஊரைவிட்டு வந்து எட்டாவது வருஷம் நடக்கிறது, அது பொய்யில்லை என்பது எனக்குத் தெரியும். மாறிப்போனவர்களுக்குத் தாங்கள் மாறிய இடம் பிடித்துப்போய்விடுகிறது. சொல்லக் கூச்சமான உண்மை அதுதான். அதை ஒரு இருபத்தாறு வயதுப் பாடலாசிரியர், ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்துவிட்டுப் பாட்டு எழுத வந்தவர், இரண்டு பக்கத்துக்கும் சம அளவு வரி கொடுத்து எழுதியிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சிறப்பு ரயில்கள் நின்றது 1975இல். அதே மார்ச்சில் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் மேற்கே ஹக்காத்தா வரை நீண்டது. கிளம்பியவர்கள் எல்லோரும் கிளம்பி முடித்த வருஷம் அது. அந்த நவம்பரில், டோக்கியோவைவிட்டு ஊருக்குத் திரும்புகிற பெண்ணை ரயில் மேடையில் வழியனுப்பி நிற்கிற ‘நகோரி யுகி’ என்ற பாட்டு இருகா என்ற பாடகியின் குரலில் வந்தது. டிசம்பரில் கைக்குட்டை வந்தது. கைக்குட்டையை ஓரிகான் என்ற இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறவிடாமல் தடுத்தது ஒரு சிறுவர் பாட்டு: தினமும் இரும்புத் தட்டில் வேகிற வாழ்க்கை வெறுத்து, கடைக்காரரோடு சண்டை போட்டுக் கடலுக்குள் குதிக்கிற மீன் வடிவப் பலகாரத்தைப் பற்றியது. 45 லட்சத்துக்கு மேல் விற்றது. கடைசியில் அந்த மீனையும் ஒருவர் தூண்டிலில் பிடித்துத் தின்றுவிடுகிறார். அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாடே, கிளம்பிப்போய்த் திரும்ப முடியாதவர்களின் பாட்டுகளைக் கேட்டிருக்கிறது. பட்டறையில் லேத்தை நிறுத்தியவர் ஒருவராக மட்டும் இருந்திருக்க முடியாது.

இல்லை

கோடு போட்ட அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் மிகத் தாமதமாகத்தான் ஒன்று கண்ணில் பட்டது. முதல் மூன்று சரணத்திலும் அவள் பேச ஆரம்பிக்கிற சொல் ‘இல்லை’. பரிசு வேண்டாம், மோதிரம் வேண்டாம், சூட்டு போட்ட நீ வேண்டாம். நாலாவதில் மட்டும் இல்லை என்ற சொல் இல்லை. கடைசியாக ஒன்று அடம்பிடிக்கிறேன், ஒரு பரிசு வாங்கித் தா என்கிறாள். மூன்று முறை அவன் கொடுக்க வந்ததை மறுத்தவள், கொடுக்க அவனிடம் ஒன்றும் மிச்சமில்லாதபோது கேட்கிறாள். கேட்பதும் பட்டு இல்லை, சாதாரணப் பருத்தி. அழுதால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், துவைத்தால் மறுபடி உதவும்.

கைக்குட்டையைப் பரிசாகக் கொடுப்பது ஜப்பானிலும் பிரிவின் அடையாளம் என்று கடைக்கார அம்மா சொன்னார். கைக்குட்டை என்று எழுதுகிற சீன எழுத்துகளை ‘தெகிரே’ என்று வாசித்தால் உறவை அறுத்துக்கொள்வது என்ற சொல்லின் ஒலி வருமாம். எங்கள் ஊரிலும் கைக்குட்டை கொடுத்தால் பிரிந்துவிடுவோம் என்பார்கள், பள்ளிக்கூடத்தில் தோழிகளுக்குக்கூடக் கொடுக்க விடமாட்டார்கள் என்றேன். பெரியவர் அதை இரண்டு முறை திரும்பச் சொல்லக் கேட்டார். அவ்வளவு தூரத்திலுமா, என்றார்.

மழை விட்டிருந்தது. கிளம்புவதற்கு முன்னால் அவர் மைக்கைக் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் பாட்டைப் பாடி யாரும் கேட்டதில்லை என்று அம்மா அப்புறம் சொன்னார். உட்கார்ந்தபடியே பாடினார். கட்டைக் குரல், சுருதி அங்கங்கே நழுவியது. முதல் சரணத்தில் ரயில் ஏறினார், பரிசு தேடுவதாகச் சொன்னார், நிறுத்தினார். அவளுடைய வரிகள் திரையில் வந்தன. அம்மா பாடவில்லை, நானும் பாடவில்லை. வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக நீலமாகிக் கடந்து போயின. மோதிரம் அனுப்பினார். நிறுத்தினார். சூட்டு போட்ட படத்தைப் பார்க்கச் சொன்னார். நிறுத்தினார். நாலாவது சரணத்தில் மறந்துவிட்டேன், மன்னித்துவிடு, வர முடியாது என்பது வரை ஒரு சொல் விடாமல் பாடிவிட்டு மைக்கை மேசையில் வைத்தார். கிட்டார் அதே உற்சாகத்தோடு போய்க்கொண்டிருந்தது. கைக்குட்டை என்ற எழுத்துகள் நீலமாகும்வரை மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.